மருத்துவ ஆராய்ச்சியைத் தனியார் கம்பெனிகளிடமே விட்டுவிட்டால் என்ன?

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் இல்லை. இந்த நிலையில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு ஏன் கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டும்? மருந்துக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளாதா?

விற்பதற்கு ஏதாவது கிடைக்கும் என்றால் கம்பெனிகள் நிச்சயம் பார்த்துக்கொள்ளும். அதில் தப்பும் இல்லை, முதல் போட்டவர்களுக்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் நமக்குத் தேவைப்படும் விடைகளில் பாதி விற்க முடியாதவை. கட்டில் போதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கே சென்னையில் ஒரு முறை விடை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது நினைவிருக்கும், இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் பெயரே அதுதான். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் நாட்டில் இருந்த கட்டில்கள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. இன்னும் நூறு சானடோரியம் கட்டு என்பதுதான் யாருக்கும் தோன்றும் யோசனை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்), அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கி வேறு மாதிரி கேட்டன. மாத்திரைதான் வந்துவிட்டதே, இனி கட்டில் எதற்கு?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் ஐசோநியாசிட், பாஸ் (PAS) என்ற அதே இரண்டு காசநோய் மருந்துகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் இல்லை, பாலும் முட்டையும் இல்லை. நெருக்கடியான சின்ன வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டில் மருந்து சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமாகியிருந்தன. சரி, வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றிக்கொள்ளாதா? அந்தக் குடும்பங்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டதால் கூடுதலாக நோய் வரவில்லை. அதன் பிறகு சானடோரியம் என்ற ஏற்பாடே உலகம் முழுக்க மெல்லக் காலாவதியானது.

இந்த ஆய்வுக்கு எந்தக் கம்பெனி பணம் போட்டிருக்கும்? ஐசோநியாசிட் 1912இலேயே ஆய்வகத்தில் தயாரான பொருள், புதிதாகக் காப்புரிமை வாங்க அதில் ஒன்றும் இல்லை. வீட்டிலேயே இருங்கள், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பதைப் பாட்டிலில் அடைத்தும் விற்க முடியாது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இன்னொரு விதமான விடையும் உண்டு, 'இது பலிக்கவில்லை' என்பது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றி, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியை வைத்து ஒரு பெரிய சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், பதினைந்து வருடக் கண்காணிப்பு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. (குழந்தைகளுக்கு மூளைக் காசநோய் போன்ற கடும் வகைகள் வராமல் காப்பதால்தான் இன்றும் போடுகிறார்கள், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.) தன் சரக்கு பலிக்காது என்று தெரிந்துகொள்ளப் பதினைந்து வருடம் செலவழிக்கும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்த ஆய்வே இதுதான்.

பழைய கதை மட்டும் இல்லை. ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நோயாளிக்கு மட்டும் இல்லாமல், கூட இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சாப்பாடு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சாப்பாட்டுக்கு எவ்வளவு நோய் குறையும் என்று எண்ணில் காட்டினால்தான் நிதித்துறையில் கோப்பு நகரும். இதுவும் அரசுப் பணத்தில் நடந்ததுதான்.

இப்போது காசு விஷயம். இந்தியாவில் அரசும் தனியாரும் சேர்ந்து எல்லா ஆராய்ச்சிக்கும் செலவழித்தது 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 2017 ஆகஸ்டில் பல ஊர்களில் விஞ்ஞானிகள் பேரணி போய்க் கேட்டது 3 சதவீதம். 2025இல் ஆராய்ச்சிக்கு என்று ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது, பெரிய தொகைதான். ஆனால் அது முக்கியமாகத் தனியார் துறைக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடனாகப் போகிறது. கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றால் விற்கிற பொருள் வேண்டும். அரிசி பருப்பு ஆய்வுக்கு அதில் எங்கே இடம்?

அப்புறம், பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் வேலையில் இருந்தவன். ஏப்ரலில் வர வேண்டிய தவணை மார்ச்சில் வரும், 31ஆம் தேதிக்குள் செலவழித்து பில் காட்ட வேண்டும். உடனே கிடைக்கிற கெமிக்கலை எல்லாம் வாங்கி ஃப்ரீசரில் அடுக்குவோம். அடுத்த தவணை வந்து ஆள் போட்டு வேலை தொடங்குவதற்குள் பாதி டப்பாக்களில் தேதி முடிந்திருக்கும். ஃபெல்லோஷிப் மாதக்கணக்கில் நிற்கும்போது வீட்டு வாடகைக்கு அப்பாவிடம் கேட்டவர்கள் எங்கள் அறையிலேயே உண்டு. இளம் ஆய்வாளர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகையை 2023இல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தியது நல்லதுதான், அது மாதாமாதம் வந்தால் இன்னும் நல்லது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு 'ஆராய்ச்சிப் பணம் வீண்' என்று தோன்றுவதில் பாதி இந்தத் தாமதத்தால் வருவது. இதைக் காட்டி ஒதுக்கீட்டையே வெட்டச் சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

உங்கள் எம்.பி.யிடம் கேட்க வேண்டும் என்றால், பிப்ரவரியில் பட்ஜெட் வந்ததும் சுகாதார ஆராய்ச்சித் துறையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். மேடையில் பேசுவது முதல் எண்ணை. ஒரே வருடத்துக்கு மூன்றும் சேர்ந்து கிடைக்க அடுத்தடுத்த பட்ஜெட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அறிவித்த தொகைக்கும் கடைசியில் செலவானதற்கும் நடுவே இடைவெளி இருந்தால், அது ஏன், எந்த மாதத்தில் பணம் விடுவித்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், பத்து ரூபாய்தான் கட்டணம்.