பாட்டியின் பர்மா பாஷை பேரனுக்கு வருமா?

வாசகர் கேள்வி–பதில்

1960-களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். அந்த வீடுகளின் மூன்றாம் தலைமுறை, காதில் விழுந்து வளர்ந்த மொழியை விட மனமில்லாமல் எழுதிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பர்மிய மொழியும் ஒலிப்பதிவு வேலையும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: மூன்று மாதமாக ஒரு சொற்பட்டியலை வைத்துப் பர்மியம் படிக்கிறேன். ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு போட்டிருக்கிறது. பாட்டியிடம் ‘சாப்பிடு’ என்று சொன்னால் ‘உப்பு என்கிறாயே’ என்று சிரிக்கிறார். எங்கே தப்பு?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: பட்டியலில்தான் தப்பு. பர்மியத்தில் சாப்பிடுவதும் உப்பும் தமிழ்க் காதுக்கு ஒரே ‘ஸா’. உப்பு என்னும் ஸாவில் ‘ஸ்’ முடியும் இடத்தில் கொஞ்சம் மூச்சு ‘ஹ்’ என்று வெளியேறும். சாப்பிடும் ஸாவில் அது கிடையாது. பூவுக்கு ‘பான்’, பிடிப்பதற்கு மூச்சு சேர்ந்த ‘ப்ஹான்’. தமிழில் இந்த மூச்சு பொருளை மாற்றுவதில்லை; அதனால் நம் காது அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இந்தியோ தெலுங்கோ எழுதப் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பழக வழி இருக்கிறது. செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, உதட்டுக்கு நான்கு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ‘பான்’ என்றால் காகிதம் சும்மா இருக்க வேண்டும். ‘ப்ஹான்’ என்றால் ஆட வேண்டும். க-வுக்கும் இப்படியே. ஸ-வுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது, ‘ஸ்’ என்பதே காற்றுதானே. ப-விலும் க-விலும் கை வந்த பிறகு ஸ-வுக்குப் போங்கள். முதலிலேயே ஸ-வில் இறங்கினவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது தொனி. ஒரே ‘ஸ’ மூன்று விதமாக வரும். குறுக்கி, தொண்டையை இறுக்கி வெட்டினால் ‘தொடங்கு’. தாழ்ந்த குரலில் சமமாக நீட்டினால் ‘எழுத்து’ அல்லது ‘கடிதம்’. உயர்த்தி நீட்டி இறக்கினால் ‘சாப்பிடு’. மூன்றாவதைப் பர்மிய எழுத்தில் வலப்பக்கம் இரண்டு புள்ளி வைத்துக் காட்டுவார்கள், வடமொழி விசர்க்கத்தைப் போல. இங்கே நாமும் அதையே ‘ஸா:’ என்று எழுதுகிறோம். இவை தவிர, சொல்லின் முடிவில் தொண்டை சட்டென்று அடைத்துக்கொள்ளும் நான்காவது வகையும் உண்டு. ‘வேண்டாம்’ என்பதை வாயைத் திறக்காமல் ‘ம்ஹ்-ம்’ என்று சொல்கிறோமே, நடுவில் விழும் அந்த வெட்டுதான் அது. ஆங்கில எழுத்துப் பட்டியலில் இத்தனையும் ஒரே மாதிரிதான் அச்சாகியிருக்கும். பட்டியலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாகப் பாட்டியின் குரலைப் பதிவுசெய்யுங்கள். இப்படி மாட்டிக்கொள்ளும் சொற்களில் 20 இணைகள் போதும். ஒவ்வொரு சொல்லையும் தனியாக மூன்று தடவை, பிறகு ஒரு சிறு வாக்கியத்தில் ஒரு தடவை. செல்போன் அவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடித்த துண்டின் மேல் இருக்கட்டும். மேசையில் நேராக வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் ஏறிவிடும். ஒரு அமர்வு 15 நிமிடம், அதற்கு மேல் வயதானவர் குரல் களைத்துப் போகும், தொனியும் தளரும். பதிவுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டு, எது எது என்று எழுதுங்கள். 20-க்கு 18 சரியாக வரும் வரை பேசப் பழகாதீர்கள். காது பிரிக்காததை வாய் பிரிக்காது. பாட்டிக்கு ஓய்வு தேவைப்படும் நாட்களுக்கு, லண்டனில் ஸோவாஸ் என்னும் கீழைத்தேய மொழிக் கல்லூரியில் பர்மியம் கற்பித்த ஜான் ஓகெல், காதால் கேட்டே கற்பதற்கென்று தயாரித்த ஒலிப்பாடங்கள் உதவும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘நான்’ என்பதற்கு ஆண் ‘சனோ’ என்பார், பெண் ‘சமா’ என்பார். மரியாதைக்குப் பேச்சோடு சேர்க்கும் ‘-ங்க’ போன்ற சொல் ஆணுக்கு ‘கம்யா’, பெண்ணுக்கு ‘ஷின்’. பாட்டியிடம் மட்டுமே கற்ற பேரன்கள் ‘சமா’, ‘ஷின்’ என்று பேசி வெளியில் கேலிக்கு ஆளாவது வழக்கம். ‘சனோ’வின் மூலப்பொருள், அரச மரியாதை ஒட்டுச் சேர்ந்த ‘அடிமை’. நம் ‘அடியேன்’ என்று நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

கேள்வி: அம்மாச்சி பேசுவது ஓரளவு புரிகிறது. ஆனால் பர்மியச் செய்தியைப் படித்தால் ஒரு வரியும் ஏறவில்லை. இரண்டும் ஒரே மொழிதானா?
– எர்ணாவூர் வாசகி

பதில்: நாளிதழ்த் தமிழும் காசிமேட்டுத் தமிழும் ஒரே மொழிதானே! பர்மியத்திலும் ஏட்டு நடை வேறு, பேச்சு நடை வேறு. பேச்சில் வாக்கியம் ‘-தெ’ என்று முடியும். அச்சில் அதே இடத்தில் ‘-தி’ வரும் (இந்தத் ‘த’வை நாக்குநுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதிச் சொல்ல வேண்டும்). ‘இந்த’ என்பது பேச்சில் ‘தி’ (‘நதி’யில் வரும் தி), ஏட்டில் ‘இ’. ‘இல்’ வேற்றுமைக்கும் இரண்டு உருபுகள். இப்படி நூறு சொற்கள் மாறினால் போதும், அந்நியமாகிவிடும்.

ஆகவே செய்தியில் தொடங்காதீர்கள். நேர்காணல், சமையல் வீடியோ, குடும்ப நாடகம் என்று பேச்சு நடையில் உள்ளதை எடுங்கள். ஒரு நாளைக்கு 30 விநாடித் துண்டு ஒன்று போதும், ஆனால் அதையே பத்துத் தடவை கேளுங்கள். ஒரு மணி நேரப் படத்தை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பதால் பலன் இல்லை. கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியைப் பிடியுங்கள். பர்மியமும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. ‘-தெ’ வந்தால் நடந்தது அல்லது நடப்பது, ‘-மெ’ வந்தால் நடக்கப் போவது. முன்னால் ‘ம’ வந்து பின்னால் ‘பூ:’ என்று முடிந்தால் எதிர்மறை, ‘ம தி பூ:’ என்றால் ‘தெரியாது’. ‘லா:’ என்று முடிந்தால் கேள்வி. ‘நோ’ என்று இழுத்தால் ‘சரிதானே’ என்று நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இலக்கணத்தில் தமிழருக்கு உள்ள சலுகையைப் பாருங்கள்: ‘ஸா: பீ: பீ லா:’. சாப்பிட்டு, முடிந்து, ஆச்சு, ஆ? ‘சாப்பிட்டாச்சா?’ என்பதே துண்டு துண்டாக வந்து நிற்கிறது. அங்கேயும் வீட்டுக்கு வருபவரிடம் கேட்கும் நலம் விசாரிப்பு இதுதான்.

கேள்வி: பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடையில் கேட்கும் ‘பேஜோ’, ‘மொய்ங்கா’ எல்லாம் உண்மையான பர்மியச் சொற்களா, இங்கே முளைத்தவையா?
– மண்ணடி வாசகர்

பதில்: உண்மையானவையே. ‘அதோ(க்)’ என்றால் கையால் பிசறிக் கலந்தது. நூடுல்ஸுக்குத் தனிப்பெயர் ‘காவ்-ஸ்வே’. நாம் நூடுல்ஸையே அத்தோ என்கிறோம்; அங்கே தேயிலையைப் பிசறினாலும் ‘தோ(க்)’ தான். பேஜோ, ‘பே’ என்ற பயறும் ‘ச்சோ’ என்ற வறுவலும் சேர்ந்தது. ச்சோ ஏன் ஜோ ஆனது? ‘கல்’லில் வல்லோசையாக ஒலிக்கும் க ‘பகல்’ நடுவில் மெலிந்து போகிறதே, அதே காரணம்தான். சொல்லுக்கு நடுவே வல்லெழுத்து மெலிவது இரண்டு மொழிக்கும் பொது. மொய்ங்காவில் ‘மோன்’ பலகாரம், ‘ஹின்’ குழம்பு. அங்கே அது மீன் சாற்றில் வரும், வாழைத்தண்டும் சேரும். இங்கே பல கடைகளில் தண்டு மட்டும் மிஞ்சி நிற்கிறது.

வீட்டில் அத்தோ கொழகொழப்பது இரண்டு காரணத்தால். வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் பூசி ஆறவிடாதது ஒன்று. வறுத்த கடலைமாவுக்கு முன்பே புளித்தண்ணீரை ஊற்றுவது மற்றொன்று. 200 கிராம் நூடுல்ஸுக்கு, வெங்காயம் பொரித்த எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடலைமாவு 2 மேசைக்கரண்டி முதலில். கட்டியான புளித்தண்ணீர் 2 மேசைக்கரண்டி கடைசியில். கரண்டி வேண்டாம், பெயரிலேயே கை இருக்கிறது.

கேள்வி: பழைய பர்மியப் பாடல்களின் வரிகளைச் சேமித்து வைத்திருக்கிறேன். என் போனில் எழுத்தெல்லாம் உடைந்து, இடையிடையே புள்ளி வட்டங்களோடு தெரிகிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் உளறுகிறது.
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: அது ‘ஜோஜி’ எழுத்துருவில் அடித்தது. உங்கள் போன் உலகப் பொது எழுத்துக்குறியீடான யூனிகோடில் காட்டுகிறது. பாமினியில் அடித்த தமிழ்க் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியுமே, அதற்குச் சொந்தம். ஆனால் இது இன்னும் விஷமமானது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்தது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஜோஜி யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களில் உட்கார்ந்துகொண்டு வேறு விதமாகப் பயன்படுத்தியது. கணினிக்கும் குழப்பம். நம் ‘கே’யின் கொம்பு போல பர்மியத்திலும் முன்னால் எழுதும் ஓர் உயிர்க்குறி உண்டு. யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும், ஜோஜியில் முன்னாலேயே. கொம்பு தனியே புள்ளி வட்டத்தோடு நின்றாலோ, முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலோ ஜோஜி என்று முடிவுகட்டலாம்.

மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-ல். அதற்கு முந்திய பாடல் வரிகள், பதிவுகள் மீது முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும். ‘ராபிட்’ போன்ற மாற்றியில் வரியை ஒட்டி யூனிகோடாக்குங்கள், பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். ஏற்கெனவே யூனிகோடில் இருப்பதை மறுபடி மாற்றியில் போட்டால் நல்ல எழுத்தும் கெடும். மூலக்கோப்பை அழிக்காதீர்கள். எழுத்துருவுக்குப் பதௌக் அல்லது பியிதௌங்சு வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் விசைப்பலகையில் பர்மியத்துக்கு இரண்டு வகை கிடைக்கும். பார்க்கும் வரிசையில் அடிப்பது ஒன்று, ஒலிக்கும் வரிசையில் அடிப்பது மற்றொன்று. தமிழ்த் தட்டச்சில் கொம்பை முன்னால் அடித்துப் பழகியவருக்கு முதலாவதே சுலபம்.

கேள்வி: தாத்தாவுக்கு வந்த ஒரு கடிதத்தில் 1326 என்று ஆண்டு போட்டிருக்கிறதாம், ‘நடோ’ என்று மாதம். எந்தக் காலத்துக் கடிதம்? லேமினேட் செய்து வைக்கலாமா?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

பதில்: பர்மிய ஆண்டோடு 638-ஐக் கூட்டுங்கள்: 1964. புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் நடுவில் பிறப்பதால், ஆண்டின் கடைசி மாதங்களான தபோத்வே, தபாங் என்றிருந்தால் அடுத்த ஆங்கில ஆண்டாகிவிடும். நடோ நவம்பர்–டிசம்பரை ஒட்டி வரும். ஆக, 1964-ன் கடைசி. அந்த மார்ச்சில்தான் அங்கே கடைகளை அரசுடைமையாக்கினார்கள், நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். கடிதத்தை அந்த நினைவோடு படியுங்கள். மாதத்தை அடுத்து ‘லஸான்’ என்றிருந்தால் வளர்பிறை, ‘லஸோ(க்)’ என்றால் தேய்பிறை, பக்கத்திலுள்ள எண் திதி.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் தாளில் ஏறினால் திரும்ப எடுக்க முடியாது. ஜன்னலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படமெடுத்துவிட்டு, மடிப்பைப் பிரித்து அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். கையெழுத்தைச் செயலிகள் நம்பும்படி படிப்பதில்லை. படத்தைப் பெரிதாக்கி, படிக்கத் தெரிந்த பெரியவரை உரக்க வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்வதே விரைவான வழி.

கேள்வி: பர்மாப் பாட்டுக் கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. லேப்டாப்பில் ஏற்றினால் கரகரவென்று பிளந்து கேட்கிறது.
– ராயபுரம் வாசகர்

பதில்: லேப்டாப்பில் இருப்பது மைக் துளை. மைக்கின் மெல்லிய ஒலிக்காகச் செய்தது அது. கேசட் பிளேயரின் பலத்த ஒலியைத் தாங்காமல் பிளக்கும், பெரும்பாலும் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கிவிடும். ‘லைன் இன்’ உள்ள யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்று வாங்கி, பிளேயரின் ‘லைன் அவுட்’டிலிருந்து இணையுங்கள். ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், உச்ச ஒலி -6 டெசிபலைத் தாண்டாமல். வேவ் கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்பி ஆகும்; பரவாயில்லை, எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம்.

அதற்கு முன், கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஈரத்தில் டிரங்குப் பெட்டி அதற்கு வாகான இடம். அந்தக் கேசட்டைப் போடாதீர்கள்; பிளேயரில் ஒட்டி மற்றதற்கும் பரவும். நல்லவற்றை முதலில் கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றுங்கள், நாடாவின் இறுக்கம் சமப்படும். ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள். ஒலி திடீரென்று மங்கினால், நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுப்பட்டை விழுந்திருக்கும். அதே அளவுள்ள பழைய கேசட் ஓட்டுக்கு நாடாவை மாற்றினால் தீர்ந்தது. சி-90 நாடா மெல்லியது, நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீர்கள்.

கேள்வி: பர்மாவில் பெயரை வைத்துப் பிறந்த கிழமை சொல்வார்களாமே?
– கொடுங்கையூர் வாசகி

பதில்: சொல்வார்கள், எல்லாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை என்றாலும். க வரிசை திங்கள், ஸ வரிசை செவ்வாய், ல–வ புதன் காலை, ய–ர புதன் பிற்பகல், ப வரிசை வியாழன், பல்லிடுக்குத் ‘த’வும் ஹ-வும் வெள்ளி, த வரிசை சனி, உயிரெழுத்து ஞாயிறு. மூக்கொலிகளும் அந்தந்த வரிசையோடு சேரும், அதனால் ‘மியா’ வியாழன். ‘கின்’ க வரிசை, ஆகவே திங்கள். பெயருக்கு முன்னுள்ள ‘மா’, ‘டோ’, ‘ஊ’ ஆகியவற்றை விட்டுவிட்டுப் பாருங்கள். அவை அக்கா, அத்தை, மாமா என்பது போன்ற மரியாதைச் சொற்கள்.