தாய் தகப்பன் தெரியாத குதிரையின் இனத்தை எப்படிக் கண்டறிவது?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய, ஏறத்தாழ 6 வயதுள்ள பெட்டைக் குதிரை, உயரம் 57 அங்குலம், செவலை நிறம், நெற்றியிலும் நான்கு கால்களிலும் வெள்ளை. விற்றவர் ராஜஸ்தானின் மார்வாரி இனம் என்று சொன்னார். ஆனால் தாய் தகப்பன் குறித்த சீட்டு எதுவும் கொடுக்கவில்லை.

நீங்கள் இணைத்துள்ள படங்களையும் பார்த்த பிறகு, இது குஜராத்தின் கத்தியவார் இனச் சாயல் மிகுந்த கலப்புக் குதிரை என்றே மதிப்பிடுகிறேன். இனம் என்பது இறுதியில் வம்சப் பதிவைச் சார்ந்தது என்பதால், சீட்டில்லாத குதிரைக்கு இதைவிட உறுதியாக யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். பந்தயக் குதிரையான தரோபிரெட்டுக்கு 1791இல் இங்கிலாந்தில் வம்சப் பதிவேடு தொடங்கியது. அதன் வழிவந்த பதிவேடுகளில் பெற்றோர் இருவரும் இடம்பெறாவிட்டால், பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும் அந்தக் குதிரை தரோபிரெட் ஆகாது.

ஆகவே உடலை ஆராய்வதற்கு முன், கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் படிக்கும் கருவி இருந்தால், கழுத்தின் இடப்பக்கத்தில் பிடரிமயிருக்குச் சற்றுக் கீழே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெங்களூரு போன்ற பந்தயக் களங்களில் ஓய்வுபெறும் குதிரைகள் சவாரிப் பள்ளிகள், தரகர்கள் என்று பல கைகள் மாறுவதுண்டு. சீட்டு வழியில் தொலைந்தாலும் சிப்பில் உள்ள 15 இலக்க எண் தொலைவதில்லை. 57 அங்குலக் குதிரை தரோபிரெட்டாக இருப்பது அரிது என்றாலும், இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்து காது. உள்நோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும் காது மார்வாரி, கத்தியவார் ஆகிய இரண்டு இனங்களின் அடையாளம். ஆனால் குதிரை ஓர் ஒலியைக் கவனித்துக் காதுகளை நிமிர்த்தியிருக்கும்போது, நேர் முன்னிருந்து பார்க்க வேண்டும். சலிப்பிலோ கோபத்திலோ பின்னால் மடிந்த காதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் குதிரைக்கு வளைவு உண்டு, ஆனால் நுனிகளுக்கிடையே நல்ல இடைவெளி இருக்கிறது. இரண்டு இனங்களில் ஒன்றின் இரத்தம் ஓடுகிறது என்பதற்கும், அதோடு நேர்க்காதுள்ள ஏதோ ஒன்று கலந்திருக்கலாம் என்பதற்கும் இதுவே காரணம்.

இந்த இரண்டில் எது என்பதைப் பிரிக்க முகவெட்டும் உயரமும் உதவும். பக்கவாட்டில் பார்த்தால் மார்வாரியின் முகம் பெரும்பாலும் நேராக இருக்கும். கத்தியவாருக்கு நெற்றி அகன்று, மூக்குத்தண்டு சற்றே உட்குழிந்து, முகவாய் குறுகியிருக்கும். உங்கள் இரண்டாவது படத்தில் அந்தக் குழிவு தெளிவாகத் தெரிகிறது. 57 அங்குலம் என்பது 145 சென்டிமீட்டர். கத்தியவாரின் சராசரி உயரம் 147 சென்டிமீட்டர் அளவில் இருக்க, மார்வாரி வளர்ப்பவர்கள் 150ஐத் தாண்டிய குதிரையையே விரும்புகிறார்கள். 6 வயதில் வளர்ச்சி முடிந்துவிடும் என்பதால் இனி உயரக் காத்திருக்க வேண்டியதில்லை. எனினும், குட்டிப் பருவத்தில் தீனி குறைந்திருந்தால் உயரமான இனத்துக் குதிரையும் குட்டையாக நின்றுவிடும். அதனால் உயரத்துக்கு முகவெட்டைவிடக் குறைந்த மதிப்பையே கொடுக்கிறேன்.

நிறத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடலாம். நெற்றியிலும் நான்கு கால்களிலும் வெள்ளை இருந்தால் பஞ்சகல்யாணி என்று சொல்லிச் சந்தையில் கூடுதல் விலை கேட்பார்கள். நெற்றி வெள்ளையும் கால் வெள்ளையும் பல இனங்களில் வரும். நுக்ரா என்பதும் வெள்ளை மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் சேர்ந்த நிறந்தானே தவிர, தனி இனமல்ல. மயிர்ச் சுழி பார்த்து விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் வாங்குபவர் விற்பவர் நம்பிக்கை. வம்சத்தைப் பற்றிச் சுழி எதுவும் சொல்வதில்லை. ஒரே விலக்கு உண்டு. மங்கிய உடல் நிறத்தோடு முதுகில் கருங்கோடும் கால்களில் வரிகளும் சேர்ந்திருந்தால், அது கத்தியவாரில் மிகுதியாகவும் தரோபிரெட்டிலும் அரபியிலும் இல்லாமலும் இருக்கும் நிறம். உங்கள் குதிரையிடம் அது இல்லை. இல்லாததால் கத்தியவார் அல்ல என்று ஆகிவிடாது.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பெற்றோரை உறுதிசெய்யும் சோதனை, இதுதான் தகப்பன் என்று நீங்கள் ஐயப்படும் குதிரையின் மாதிரியும் கையில் இருந்தால் மட்டுமே பயன்படும். இனத்தை ஊகிக்கும் சோதனை வேறு: அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வகம், வேரோடு பிடுங்கிய மயிரை வாங்கி, தன்னிடமுள்ள இன மாதிரிகளோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய மூன்று இனங்களைத் தெரிவிக்கிறது. ஒப்பிடும் தொகுப்பில் உரிய இனம் இல்லாவிட்டால் அதற்கு அடுத்து நெருக்கமான வேறொன்று விடையாக வந்துவிடும். பல தலைமுறைக் கலப்பு என்றால் விடை இன்னும் மங்கும். நம் நாட்டுச் சந்தைக் குதிரைக்கு அந்தச் செலவை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதே பணத்தைப் பல் பரிசோதனைக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் லாடத்துக்கும் செலவிடுவது மேல்.

மருத்துவக் குறிப்பேட்டிலும் காப்பீட்டுப் படிவத்திலும் "கலப்பு" என்றே எழுதுங்கள். அடையாளத்துக்கு உயரம், நிறம், வெள்ளைக் குறிகள், சுழிகளின் இடம் ஆகியவற்றைப் பதிவுசெய்தால் போதும். பின்னால் குட்டி ஈனச் செய்யும் எண்ணமிருந்தால், சீட்டுள்ள ஆண்குதிரையைத் தேர்ந்தெடுத்து, சேர்க்கை நடந்த தேதியை எழுதி உரிமையாளரிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குட்டியின் தகப்பன் யார் என்ற கேள்வியாவது அடுத்து வாங்குபவருக்கு எழாது.