கல்லூரி விடுதியில் அறைத் தோழிகளிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

தருமபுரியில் கல்லூரி சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, அறையில் நான்கு பேர், சாப்பிட்டு வந்ததும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறோம், பேச்சை ஆரம்பிக்கலாம் என்று "உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்டேன், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, இனி என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். 2009இல், இதே ஊரில், ஒரு விடுதி அறையில். என்னோடு மூன்று பேர். ஒருத்தி பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு கிராமம், ஒருத்தி அரூர், ஒருத்தி தேன்கனிக்கோட்டை. நான் காவேரிப்பட்டணம். எங்கள் வீட்டில் அப்பா சேர்த்து வைத்த புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. அதனால் எனக்கு அது "சாப்பிட்டியா?" என்பது போன்ற கேள்வி. கேட்டதும் பென்னாகரத்துக்காரி எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். மற்ற இருவரும் சிரித்து மழுப்பினார்கள்.

பாடப் புத்தகம் தவிர வேறொன்றைத் தொட்டதே இல்லை, நீ கேட்டதும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி வயிற்றைப் பிசைந்தது என்று எட்டு மாதம் கழித்துத்தான் அவள் என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை. பிடித்த புத்தகம் எது என்பது நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வீட்டில் புத்தகம் இருந்திருக்க வேண்டும், இல்லை நடந்து போகிற தூரத்தில் நூலகம் இருந்திருக்க வேண்டும். முதலில் கேட்பது எல்லோரிடமும் பதில் இருக்கிற கேள்வியாக இருக்கட்டும். நம் பக்கத்தில் அப்படி ஒன்று களி.

எங்கள் அறையில் பேச்சு உடைந்தது ஒரு களி உருண்டையால்தான். ஒருநாள் ராத்திரி மெஸ்ஸில் கேழ்வரகுக் களி போட்டார்கள். தேன்கனிக்கோட்டைக்காரி உருண்டையைப் பிட்டாள். உள்ளே வேகாத மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. "எங்க அவ்வா இதைப் பார்த்தா தட்டோட தூக்கி வீசியிருக்கும்" என்றாள். அதுவரை "ம்", "சரி" தவிர அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவள் வீட்டில் தெலுங்கு. நாங்கள் ஆயா என்கிறோம், அவள் அவ்வா என்கிறாள். நாங்கள் களி என்பதை அவள் வீட்டில் சங்கடி என்பார்களாம், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் முத்தெ என்பார்களாம். ஒரே உருண்டைக்கு ஒரே தெருவில் மூன்று பெயர். காவேரிப்பட்டணத்திலிருந்து தேன்கனிக்கோட்டை ஒன்றும் வெளிநாடு இல்லை, ஆனாலும் அதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அப்புறம் களியை எப்படிக் கிண்டுவது என்பதில் சண்டையே வந்துவிட்டது. உலை கொதிக்கும்போது ஒரு பிடி நொய் போட்டு, அது வெந்ததும் மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கோலால் ஒரு குத்துக் குத்திக் குழி வைத்து, கிளறாமல் மூடி வைக்க வேண்டும் என்றாள் தேன்கனிக்கோட்டைக்காரி. குழி வழியாக ஆவி மேலே வந்து மாவு முழுக்க வெந்த பிறகுதான் கோல் சுற்ற வேண்டும், அவசரப்பட்டால் கட்டி தட்டும். அதெல்லாம் வேண்டாம், கொஞ்சம் மாவைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றிவிட்டால் கட்டியே விழாது என்றாள் அரூர்க்காரி. தொட்டுக்கொள்ள கீரைக் கடைசலா, கொள்ளுக் கடைசலா, கருவாட்டுக் குழம்பா என்பதில் இன்னொரு அரை மணி நேரம். நான்கு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். "எந்த ஊர்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு?" என்று போகாதீர்கள். நம் மாவட்டங்களில் அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்கிறவளுக்கும் தெரியும், பதில் சொல்கிறவளுக்கும் தெரியும். அறையில் வேறு யாராவது கேட்டாலும் அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிடுங்கள்.

களிக்குப் பிறகு கூத்து. பென்னாகரத்துக்காரியின் வாயைத் திறந்தது அதுதான். அரூர்க்காரி சினிமா நடிகர் ஒருவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் மெதுவாக, "எங்க பெரியப்பா கூட நடிகர்தான்" என்றாள். அவர் தெருக்கூத்தில் கட்டை வேஷம், அதாவது மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் அணிகிற வேஷம், கட்டுகிறவர். பல வருஷமாகத் துச்சாதனன்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாரதம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்காக, பல ஊர்களில் 18 நாள், பகலில் பாரதக் கதை சொல்வார்கள், இரவில் அதையே கூத்தாக ஆடுவார்கள். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் நிஜமாகவே உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். குழந்தை வேண்டுகிறவர்கள் முந்தானையை விரித்துக்கொண்டு கீழே நிற்பார்கள். கடைசி நாள் படுகளம். துரியோதனனை ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிதாக மண்ணால் தரையில் படுத்த மாதிரி செய்து வைத்து, தொடை பிளந்ததும் பாஞ்சாலி கூந்தலை முடிவாள்.

எங்கள் அறையில் அன்று அவள் சொன்னது துகிலுரிதல். பாஞ்சாலி சேலையில் கை வைப்பதற்கு முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார், தாயே, இது வேஷம், என்னை மன்னித்துவிடு என்று. பாஞ்சாலி வேஷம் போட்டவரும் ஆண்தான், ஒரே ஜமாவில், அதாவது ஒரே கூத்துக் குழுவில், கூட ஆடுகிறவர்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் அம்மன். "பெரியப்பா அன்னைக்குக் காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காது. ஆடி முடிச்சு அரிதாரம் கலைச்ச பிறகு எங்க பெரியம்மா மூஞ்சியைக் கூட நிமிர்ந்து பார்க்காது, நேரா போய்ப் படுத்துக்கும்" என்றாள். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, வார்டனுக்குக் கேட்காத குரலில் பாடி, இரண்டு கட்டிலுக்கு நடுவில் இருந்த இடத்தில் ஒரு சுற்று ஆடியும் காட்டினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் பக்கத்துக் கட்டிலில் வாய் பேசாமல் படுத்திருந்தவள் இவள்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். அவள் தானாகத்தான் கேட்டாள்: "ஏண்டி, நம்ம லைப்ரரில பாரதம் இருக்குமா?" எடுத்துக் கொடுத்தேன், உரைநடையில் எழுதியது, நல்ல தடி. பத்து நாள் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கோபமாக வந்தாள். "இதுல பொன்னுருவியே இல்ல!"

பொன்னுருவி யார் என்று எனக்குத் தெரியவில்லை. பீரோ நிறையப் புத்தகம் வைத்திருந்த வீட்டிலிருந்து வந்த எனக்குத் தெரியவில்லை. கர்ணனின் மனைவி. கர்ண மோட்சக் கூத்தில், தன் கடைசி நாள் போருக்குக் கிளம்பும் கர்ணன் விடைபெற வந்து நிற்கிறான். பிறப்பு தெரியாதவன் என்று காலமெல்லாம் அவனை ஒதுக்கி வைத்தவள் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். அந்த வாக்குவாதமும், அவள் மனசு மாறி அழுவதும்தான் விடிகிற வரைக்கும் சனங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். அவள் கூத்திலும் நாட்டார் கதைப் பாட்டிலும் இருக்கிறவள். அந்தப் புத்தகத்தில் தேடினால் எப்படிக் கிடைப்பாள்? பென்னாகரத்துக்காரி விடவில்லை. பொன்னுருவி வருகிற புத்தகம் எது என்று தேட ஆரம்பித்தவள், தேடுகிற வழியில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். மூன்றாம் வருஷம் எங்கள் நால்வரில் அதிகம் படித்தவள் அவள்தான். இப்போதும் அப்படித்தான்.

நீங்கள் கேட்ட அதே கேள்வி இப்படிச் சுற்றிக்கொண்டு வந்தால் தப்பே இல்லை. இப்போது தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது, நாங்கள் படித்த காலத்தில் அந்த வசதி இல்லை. நான்கு பேரும் ஒன்றாகப் போங்கள். ஆளுக்கொன்று வாங்கினால் அறைக்கு நான்கு.

ஐஸ் பற்றியும் பேசுங்கள். திருவிழாவில் சைக்கிள் பெட்டிக்காரரிடம் வாங்கிய குச்சி ஐஸ், சேமியா ஐஸ், பால் ஐஸ் எல்லாம் எல்லோருக்கும் நினைவில் இருக்கும், அதில் யாரும் கூச்சப்படுவதில்லை. ஆரஞ்சு ஐஸை உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் முதலிலேயே வந்து கடைசியில் வெள்ளைக் கட்டி மட்டும் ஏன் மிஞ்சுகிறது என்று ஒருநாள் கேட்டேன். அரூர்க்காரி எங்களில் கெமிஸ்ட்ரி நன்றாகப் படிப்பவள். தண்ணீர் உறையும்போது தன் படிகத்துக்குள் சர்க்கரையையும் சாயத்தையும் சேர்த்துக்கொள்ளாது, அதெல்லாம் படிகங்களுக்கு நடுவில் பாகாகத் தங்கிவிடும், நாம் உறிஞ்சுவது அந்தப் பாகைத்தான் என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினாள்.

அந்தப் படத்தை நம்பித்தான் முதல் வருஷ லீவில், மே கடைசியில், மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாம்பழ ஐஸ்கிரீம் செய்ய இறங்கினோம். அதற்கு முன்பு பொங்கல் சமயத்தில் தேன்கனிக்கோட்டைக்குப் போய் வந்திருந்தோம். அங்கே ராத்திரி ஊற வைத்த அவரைக்கொட்டையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கி, தோலை உரித்து, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்கிற வரைக்கும் அவ்வாவோடு உட்கார்ந்து பேசினோம். அவ்வாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது, எங்களுக்குத் தெலுங்கு வராது. பருப்பு எகிறிப் போய் யார் மடியிலாவது விழும்போதெல்லாம் சிரிப்பதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

மாம்பழத்துக்கு வருகிறேன். கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகளுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. ஐஸ்கிரீமுக்கு அது வேண்டாம், புளிப்பு முன்னால் நிற்கும். அம்மா அல்போன்சாவும் செந்தூராவும் எடுத்துக் கொடுத்தார். அன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, அந்த வருஷங்களில் அது வழக்கம். ஃபிரிட்ஜ் உதவாது. பார் ஐஸ் வாங்கிவந்து சாக்கில் சுற்றி அம்மிக் குழவியால் உடைத்தோம். ஒரு வாளியில் ஐஸும் கல் உப்பும், மூன்று பங்குக்கு ஒரு பங்கு. உப்பு சேர்ந்தால் ஐஸின் உறைநிலை இறங்கும், கலவை மைனஸ் 21 டிகிரி வரைக்கும்கூடப் போகும் என்றாள் அரூர்க்காரி. காய்ச்சி ஆறிய கெட்டிப் பாலும் சர்க்கரையும் மாங்கூழும் கலந்து சின்னத் தூக்கில் ஊற்றி, அந்த வாளிக்குள் வைத்துக் காதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து ஓரத்தில் ஒட்டியதை வழித்துக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் படிகம் பெரிதாகிப் பல்லில் நறநறக்கும்.

முதல் தூக்கு வீணாகிவிட்டது. மூடி சரியாகப் பொருந்தாமல் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. இரண்டாவது தடவை தூக்கின் வாயை வாழையிலை வைத்துக் கட்டி அதன்மேல் மூடினோம். முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றித் திருப்பினோம். தூக்கின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்து விரல் ஒட்டிக்கொண்டது. பென்னாகரத்துக்காரி தன் முறை வரும்போதெல்லாம் கூத்துப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டு அதன் தாளத்துக்குத் திருப்பினாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆயாவுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. அடுத்த அடியை ஆயா பாடியது. அவள் திருப்புவதை நிறுத்திவிட்டு ஆயா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். மிச்சத்தை நாங்கள் மூன்று பேரும்தான் திருப்பினோம். முழுசாக இறுகுவதற்கு முன்பே திறந்து, கூழுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் இருந்ததை ஐந்து டம்ளரில் ஊற்றிக் குடித்தோம்.

இன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் என்ன போடுகிறார்கள்? அதை உங்கள் வீட்டில் எப்படிச் செய்வார்கள் என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவளிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் உங்கள் வீட்டுக் கதையை எடுக்காதீர்கள். அவள் ஊரில் பாரதம் போடுகிறார்கள் என்றால், எப்போது என்று கேட்டுவைத்துக்கொண்டு ஒரு ராத்திரியாவது கூடப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.