ஹெரால்டா, பத்மினியா? கார் கேள்வி பதில்

கேள்வி: 1960-களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றும், 1982 பிரீமியர் பத்மினி ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. ஏறக்குறைய ஒரே விலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட ஆசை. எதை வாங்கலாம்?
– வாசகர், ஈரோடு

தயங்காமல் ஹெரால்டு என்பேன். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பத்மினி நல்ல வண்டி, சந்தேகமே இல்லை. ஃபியட் 1100 டிலைட்டின் வாரிசு; 1974-இல்தான் பத்மினி என்ற பெயர் வந்தது. அந்த 1089 சிசி இன்ஜின் எதையும் பொறுத்துக்கொள்ளும். மும்பையில் 2023 அக்டோபர் வரை டாக்ஸியாக ஓடிய வண்டி என்பதால் உதிரி பாகத்துக்குப் பெரிய அலைச்சல் இருக்காது. ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் ராடு கைக்குப் பழகிவிட்டால் சுகம்.

ஹெரால்டின் கதை வேறு. அது இங்கிலாந்து மாடலைச் சென்னையில் செய்த கார், 1961-இல் வரத் தொடங்கியது. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு வந்ததே இல்லை. அதைச் செய்தது நம் ஊர்த் தொழிற்சாலைதான். அம்பாசிடரும் ஃபியட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு அன்று எல்லாமே புதுசு. கியர் தரையில் இருந்தது. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கின. 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். பானட்டைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே டியூனிங் பார்க்கலாம். இவ்வளவு தாராளமாகக் கை நுழையும் இன்ஜின் அறையை நான் வேறு எந்தக் காரிலும் பார்த்ததில்லை.

இனி அடியில் பார்க்க வேண்டியவை. இதில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் சட்டங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெயிண்டுக்கு உள்ளே பொலபொலவென்று உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மினுக்கினாலும் சரி.

அதைவிட முக்கியமானது ட்ரனியன். முன்சக்கரத்தின் கீழ்மூட்டில் பித்தளையில் இருக்கும். இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். பழக்கமில்லாத பட்டறையில் மற்ற நிப்பிள்களோடு சேர்த்து இதற்கும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் அந்த மூட்டின் திருகு மரைக்குள் ஒழுங்காக இறங்காது. மரை வறண்டு, ஈரம் புகுந்து, துரு ஏறி, என்றாவது ஒருநாள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரத்தைத் தாங்கும் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மூட்டில் லேசாக எண்ணெய்ப் பசை தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். விஷயம் தெரிந்தவர் வைத்திருந்த வண்டி.

ஓட்டும்போது ஓர் எச்சரிக்கை. வளைவுக்குள் வேகமாகப் போய், பாதியில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும், வண்டியின் பின்பக்கம் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே மெல்ல மிதித்தபடியே போங்கள். 948 சிசிதான், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவசரம் எதற்கு?

கேள்வி: எங்கள் 1978 அம்பாசிடரில் இப்போதைய எத்தனால் பெட்ரோலை ஊற்றினால் இன்ஜினே போய்விடும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

இன்ஜின் உடனே போய்விடாது. முதலில் அடிவாங்குவது ரப்பர். பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு விரிசல் விடும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ் அத்தனையையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். இந்த மாதமே மாற்றுங்கள்.

எத்தனால் டேங்கில் பல வருடம் படிந்த கசட்டையும் கிளப்பிவிடும், ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் காற்று-பெட்ரோல் கலவை மெலியும். வண்டி திக்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாகப் போடச் சொல்லுங்கள். லிட்டருக்கு வெப்பச் சக்தி குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும்.

மெக்கானிக்கிடம் இன்னொன்றும் கேளுங்கள். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதுவரை வால்வு வந்து உட்காரும் விளிம்பான வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். உங்கள் இன்ஜின் ஹெட்டை அதற்குப் பிறகு யாராவது கழற்றி, லேத்தில் கொடுத்துக் கடின சீட்டு போட்டார்களா? இல்லையென்றால் வால்வு இடைவெளியை அடிக்கடி பாருங்கள். அது சுருங்கிக்கொண்டே போனால் சீட்டு தேய்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: "புதுக் கார் எல்லாம் தகர டப்பா, அம்பாசிடர்தான் உயிரைக் காக்கும்" என்று சொல்லி மாமா என்னைப் புதுக் கார் வாங்க விடமாட்டேன் என்கிறார்.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

மாமாவின் அக்கறை புரிகிறதம்மா. அவருக்கு ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லுங்கள். 2009-இல் அமெரிக்காவில் 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். கனத்த இரும்பான பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கியது. நிஜ மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் காலில் அடி, அவ்வளவுதான்.

புதுக் காரின் மூக்கு நசுங்குவது மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளத்தான். மூக்கு நசுங்காவிட்டால் அந்த அடி நெஞ்சுக்கு வரும். அம்பாசிடர் மேல் எனக்கும் கொள்ளைப் பிரியம், ஆனால் இந்த விஷயத்தில் மாமாவோடு நிற்க முடியாது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. நீங்கள் பார்க்கும் மாடல் எத்தனை ஸ்டார் வாங்கியிருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும், மாமா உட்பட.

கேள்வி: என் 1980 ஃபியட்டுக்கு விண்டேஜ் பதிவு கிடைக்குமா?
– வாசகர், புதுக்கோட்டை

இப்போது கிடைக்காது. 2021 விதிப்படி வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் ‘விஏ’ என்று வரும். அந்தப் பதிவில் தினமும் ஓட்ட முடியாது என்பதால் உங்களுக்கு ஆர்.சி.-யைப் புதுப்பித்து ஓட்டுவதே நல்லது.

கேள்வி: கோத்தகிரியில் வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. விலை குறைவான ஏஎம்டி போதுமா?
– வாசகி, கோத்தகிரி

சமவெளியில் என்றால் போதும் என்பேன். ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான். கிளட்ச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் மட்டும் மோட்டார் செய்கிறது. ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கினால் பிளேட் கருகும். உங்கள் ஊரில் கூடுதல் பணம் கொடுத்தாவது, கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வண்டி வாங்குவது மேல். ஏஎம்டிதான் கட்டுப்படியாகும் என்றால், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷோரூம்காரர் காட்டும் சமதளச் சாலையில் டெஸ்ட் டிரைவ் முடித்துக்கொள்ளாதீர்கள். நான்கு பேர் ஏறி, ஏசி போட்டு, உங்கள் வீட்டு ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். ஓட்டுவது அம்மாவாக இருக்கட்டும். எந்த ஆட்டோமேட்டிக் ஆனாலும் மேட்டுப்பாளையம் இறங்கும்போது மேனுவல் மோடில் இரண்டாவது கியருக்கு மாற்றச் சொல்லிக்கொடுங்கள். டி-யிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும்.