முன்பணம் வாங்கிய படகு

கேள்வி: பாகிஸ்தானும் சீனாவும் கைகோத்து நிற்கும்போது, அணிசேராமை என்று இன்னும் பழைய பல்லவியையே பாடுகிறீர்கள். பேசாமல் அமெரிக்காவோடு ராணுவக் கூட்டணி போட்டுக்கொண்டால் என்ன? இரண்டு தோணியில் கால் வைப்பதற்குப் பெயர் கொள்கையா? – பெயர் வேண்டாம் என்று எழுதியவர், தண்டையார்பேட்டை

பதில்: தண்டையார்பேட்டைக்காரர் கேட்கிற கேள்வியா இது? விடியற்காலையில் காசிமேட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஒரு படகு மீனுக்கு நாலு பேர் மாறி மாறி விலை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே இன்னொரு படகு. அதே சங்கரா, அதே வஞ்சிரம். ஆனால் அங்கே கூச்சலே இருக்காது. டீசலுக்கும் ஐஸுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு அது. மீன் அவருக்குத்தான், விலையும் அவர் சொல்வதுதான். கஷ்டகாலத்தில் அவர் கைகொடுப்பார் என்பதை நான் மறுக்கவில்லை. எது கஷ்டகாலம் என்பதையும் அவரேதான் முடிவு செய்வார்.

பாகிஸ்தான் அப்படி முன்பணம் வாங்கிய படகு. 1954-ல் சீட்டோ, 1955-ல் பாக்தாத் ஒப்பந்தம். இரண்டும் அமெரிக்கா பின்னால் நின்ற ராணுவக் கூட்டணிகள். அமெரிக்கப் பேட்டன் டாங்கியும் சேபர் விமானமும் வந்து இறங்கின. 1965-ல் நம்மோடு போர் மூண்டதும், இரண்டு பேருக்குமே ஆயுதம் கிடையாது என்று அமெரிக்கா கையை விரித்துவிட்டது. அதிகம் அடி வாங்கியது யார்? அமெரிக்கச் சரக்கையே நம்பியிருந்தவர்தான்.

அதே 1965-ன் கடைசியில்தான் மணலி சுத்திகரிப்பு ஆலைக்கான கம்பெனி பிறந்தது. பழைய ஆட்களுக்கு இன்னும் அது எம்.ஆர்.எல்., அதாவது மெட்ராஸ் ரிஃபைனரீஸ். பங்கு யார் யாருக்கு? இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. ஈரானில் அப்போது மன்னர் ஷா ஆட்சி. 1979-ல் ஷா நாட்டைவிட்டுப் போனார், டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள், இரண்டு நாடும் ஜென்மப் பகையாளிகளாயின. மணலியில் மட்டும் இருவரும் பங்காளிகளாகவே இருந்தார்கள். 1985-ல் அமோகோ தன் பங்கை விட்டுப் போனது. ஈரான் பங்கு 15 சதவீதத்துக்குச் சற்று மேலாக இன்றும் இருக்கிறது. இரண்டு தோணி என்கிறீர்களே, அதன் புகைபோக்கி உங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியுமே!

அதற்காக நாம் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. 1971-ல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டபோது அணிசேராமையைக் கொஞ்சம் ஓரமாகத்தான் வைத்தோம். ஈரான் மீதான தடையிலிருந்து நமக்குத் தந்திருந்த விலக்கை 2019 மே மாதம் அமெரிக்கா நீட்டிக்க மறுத்ததும், ஈரான் எண்ணெய் வாங்குவதைச் சத்தமில்லாமல் நிறுத்தினோம். பங்காளியிடமே சரக்கு வாங்க முடியாத கடை! உக்ரைன் போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மலிவாகக் கிடைத்தது, வாங்கினோம். தத்துவமெல்லாம் அப்புறம்.

அதற்குத்தானே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குமீது கூடுதலாக 25 சதவீதம் போட்டு, வரியை 50 சதவீதம் ஆக்கியது என்பீர்கள். உண்மைதான். ஆம்பூர் தோலும் திருப்பூர் பனியனும் வாங்கிய அடி சாதாரணமல்ல. ஆனால் எழுபது வருஷமாக அமெரிக்கப் படையைத் தங்கள் மண்ணில் வைத்திருக்கும் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் அதே ஆண்டில் 15 சதவீதம் விழுந்தது. 15 எங்கே, 50 எங்கே? நியாயமான கேள்வி. அன்றைய அந்த 35 சதவீத வித்தியாசத்துக்காகப் படகையே எழுதிக் கொடுக்கலாமா என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் தகராறு.

அணியில் இருந்த அனுபவம் நமக்கு இல்லாமலும் இல்லை. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து மதராஸைச் சுட்டது. ஜெர்மனிக்கும் மதராஸுக்கும் என்ன வாய்க்கால் வரப்புத் தகராறு? சண்டை நம் எஜமானரான பிரிட்டனுக்கு. எரிந்தது துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அந்தப் போரில் நமக்கு மிச்சமானது, பக்கத்து வீட்டுப் பொடியனைச் ‘சரியான எம்டன்’ என்று திட்ட ஒரு சொல்.