லோடு ஏற்றினால் திணறும் பழைய டாடா 407 லாரி

அண்ணே, காலியாக நன்றாக ஓடும் வண்டி, லோடோடு பெங்களூர் அருகே நெலமங்கலா பக்கம் ஏற்றத்தில் திணறுகிறது என்கிறீர்கள். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் பெரிய பம்பைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

முதலில் டீசல் ஃபில்டரை மாற்றி, டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். சரியாகவில்லையா, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை லூசாக்கி ஹேண்ட் பம்பை அடியுங்கள். நுரை நிற்காமல் வந்தால் டேங்கிலிருந்து வரும் ஹோஸிலோ வாஷரிலோ காற்று இழுக்கிறது. பம்ப் மேல் பழி போடாதீர்கள். நுரையே இல்லாமல் டீசல் சோம்பலாக வழிந்தால், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் வாயிலுள்ள சல்லடையைக் கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஃபீட் பம்ப்தான்.

மாற்று ஃபீட் பம்பைப் பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடுங்கள், பழையதைக் கையோடு கொண்டு போங்கள். செம்பு வாஷர்களைப் புதிதாகவே போடுங்கள். காற்றை எடுக்காமல் செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் காலியாகும். அப்புறம், இன்ஜின் ஆயில் அளவு ஏறி டீசல் வாடை அடித்தால், டீசல் ஆயிலில் கலக்கிறது; கசிவைச் சரிசெய்து ஆயிலை மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.