மஸ்டா மியாட்டாவுக்கு எந்த ஸ்பார்க் பிளக் வாங்கலாம்: என்ஜிகே, டென்சோ, பாஷ், சாம்பியன்?

முதல் தலைமுறை மியாட்டா (1989–1997), டர்போ இல்லாத 1.6 அல்லது 1.8 என்ஜின் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். என்ஜிகே பிகேஆர்5இ-11 வாங்குங்கள். ட்ராக்கில் ஓட்டுவதாக இருந்தால் பிகேஆர்6இ-11. டென்சோதான் கைக்குக் கிடைக்கிறது என்றால், அதே வரிசையில் கே16பிஆர்-யூ11, கே20பிஆர்-யூ11. இந்த நான்கு பிளக்கில் எதைப் போட்டாலும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. பிராண்டை விட பெயரின் நடுவில் வரும் 5, 6 அல்லது 16, 20 என்ற எண்தான் முக்கியம்.

அந்த எண் ஹீட் ரேஞ்சைக் குறிக்கிறது, அதாவது பிளக் தன் முனையின் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதை. பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நின்றால் கரி எரியாமல் பீங்கானில் படியும். 850-ஐத் தாண்டினால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே முனையின் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே ஓட்டையாகலாம். என்ஜிகேவிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் 'குளிர்ந்தது'. பாஷிலும் சாம்பியனிலும் நேர் தலைகீழ், எண் கூடினால் சூடானது. என்ஜிகே 5-க்கு டென்சோவில் 16, 6-க்கு 20. எண்ணை மட்டும் பார்த்து வேறு பிராண்டுக்கு மாறுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ஊருக்குள் மெதுவாக ஓட்டும் வண்டிக்கு 'ரேஸ் பிளக்' என்று 7 அல்லது 8 போட்டால் பவர் கூடாது, கரிதான் பிடிக்கும்.

இரிடியம் (எளிதில் தேயாத உலோகத்தை முனையில் வைத்த பிளக்) போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் இந்த என்ஜினில் கொடுத்த காசுக்கு முழுப் பலன் வராது. இதில் ஒரே இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் கம்பிச் சுருள்) இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் ஸ்பார்க் கொடுக்கிறது: 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொன்று. ஜோடியில் ஒரு பிளக்கில் நடுமுனையிலிருந்து வளைந்த எர்த் முனைக்கு எலெக்ட்ரான் பாயும், மற்றதில் எதிர்த்திசையில். அதனால் இரண்டு பிளக்கில் நடுமுனை தேயும், இரண்டில் எர்த் முனை தேயும். என்ஜிகேவின் இரிடியம் ஐஎக்ஸ் ரகத்தில் 0.6 மிமீ நடுமுனை மட்டும்தான் இரிடியம், எர்த் முனை வெறும் நிக்கல். நீண்ட ஆயுள்தான் வேண்டும் என்றால் இரண்டு முனையிலும் உயர்ந்த உலோகம் வைத்த பிளக்கைத் தேடுங்கள். நான்கு எர்த் முனை வைத்த பிளக்குகளை நான் தொடவே மாட்டேன். கேப்பை, அதாவது இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, சரிசெய்ய அதில் வழியில்லை.

பெட்டியைப் பிரித்ததும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டு கேப்பைப் பாருங்கள்: 1.0 முதல் 1.1 மிமீ. கூரியரில் கீழே விழுந்த பிளக்கில் 0.8 கூட இருக்கும். வளைக்கும்போது எர்த் முனையை மட்டும் வளையுங்கள், இரிடியத்தில் நடுமுனை மேல் எதையும் வைத்து நெம்பாதீர்கள், முறிந்துவிடும். டர்போ பொருத்தியிருந்தால் கணக்கே வேறு: அழுத்தம் கூடிய காற்றில் ஸ்பார்க் தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படும், எனவே ஹீட் ரேஞ்ச் 7, கேப் 0.7–0.8.

மாற்றும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை கையோடு வந்துவிடும். வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் முனையில் உள்ள ரப்பர் உறையைத் திருகி எடுங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கட் போய்விட்டது என்று அர்த்தம். முதலில் துடைத்துவிட்டு, பிறகு 16 மிமீ சாக்கெட்டைப் போடுங்கள். புதுப் பிளக்கை ஒரு துண்டு ரப்பர் ஹோஸில் செருகிக் கையாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். மரை குறுக்கே ஏறினால் ஹோஸ் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். பிறகு டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 15–23 நியூட்டன் மீட்டர். என்ஜிகே மரையில் முலாம் இருக்கிறது, ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் பசை) தடவ வேண்டாம். தடவினால் அதே டார்க்கில் பிளக் அளவுக்கு மேல் இறுகும்.

புதுப் பிளக் போட்டும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மிஸ் அடிக்கிறதா? இன்னொரு பிராண்டுக்கு ஓடாதீர்கள், பிளக் வயரைப் பாருங்கள். இந்த வண்டியில் வயர்தான் சீக்கிரம் போகும். இருட்டில் என்ஜினை ஓடவிட்டு வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசிகிற இடத்தில் நீலப் பொறி தெரியும். அப்போது கையை மட்டும் கிட்டே கொண்டு போகாதீர்கள். ஒரு சிலிண்டர் மட்டும் அடிவாங்கினால் பெரும்பாலும் வயர் அல்லது பிளக், 1-ம் 4-ம் சேர்ந்து அடங்கினால் காயில்.